பொய்ப்பூச்சித் தூண்டில்: ஒரு சொல் விளக்கம்

இமயமலைப் பக்கம் சுற்றுலா அழைத்துப்போகும் நிறுவனங்களின் தமிழ் விளம்பரங்களில் ஒரு தொடர் அடிக்கடி கண்ணில் படுகிறது: 'தொலைதூர மலை ஆறுகளில் வழிகாட்டப்பட்ட ஈ மீன்பிடிப் பயணங்கள்.' தமிழில் குரல்மாற்றி ஒளிபரப்பும் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளிலும் இதே 'ஈ மீன்பிடிப்பு'தான். போதாக்குறைக்கு ஒரு நிகழ்ச்சியில் 'பறக்கும் மீன்பிடிப்பு' என்றே சொல்லிவிட்டார்கள். ஒருமுறை கேட்டால் கடந்து போகலாம். ஊரெல்லாம் இதுவே பரவி, அகராதிக்குள்ளும் போய் உட்கார்ந்துகொண்டால் பிறகு எடுப்பது கடினம். அதனால்தான் இந்த விளக்கம். பூச்சியைப் போலச் செய்த பொய்யிரையை வீசி மீன் பிடிக்கும் கலைக்கு ஆங்கிலத்தில் 'ஃப்ளை ஃபிஷிங்' என்று பெயர். அதைத் தமிழில் 'பொய்ப்பூச்சித் தூண்டில்' என்று சொல்ல வேண்டும் என்பதே என் கட்சி.

'ஃப்ளை ஃபிஷிங்' என்பதில் வரும் ஃப்ளை, பறத்தலைக் குறிக்கும் பழைய ஆங்கில வினையிலிருந்து பிறந்த பெயர். தொடக்கத்தில் அது சிறகுள்ள எந்தப் பூச்சியையும் குறித்தது. வீட்டுக்குள் மொய்க்கும் ஈக்கு மட்டும் என்று அது சுருங்கியது பின்னால்தான். தூண்டில்காரர்களின் பேச்சில் பழைய பொருள் அப்படியே தங்கிவிட்டது. பிறகு, அந்தப் பூச்சியைப் போல இறகையும் நூலையும் முள்ளில் சுற்றிச் செய்த பொய்யிரைக்கும் அதே பெயர் வந்தது. இந்தக் கலையோ சொல்லைவிடப் பழையது. கி.பி. 200 வாக்கில் ஏலியன் என்ற ரோமானியர் கிரேக்க மொழியில் எழுதிய நூலில், மாசிடோனியர்கள் முள்ளில் சிவப்புக் கம்பளி நூலைச் சுற்றி, சேவலின் தாடிக்குக் கீழே வளரும் இறகு இரண்டைப் பொருத்தி ஆற்றில் மீன் பிடித்ததைச் சொல்கிறார். அந்த ஆற்று மீன்கள் விரும்பித் தின்ற பூச்சியைக் கையால் தொட்டால் நிறம் மங்கிவிடும், முள்ளில் குத்த முடியாது. அதனால்தான் பொய்யாக ஒன்றைச் செய்தார்கள் என்று காரணமும் தருகிறார். 1496இல் அச்சான ஆங்கிலத் தூண்டில் நூல் ஒன்று, எந்த மாதத்துக்கு எது என்று பன்னிரண்டு பொய்ப்பூச்சிகளைப் பட்டியலிடுகிறது. சொல் வரலாறு இவ்வளவு போதும்.

இப்போது 'ஈ'க்கு வருவோம். ஆங்கிலத்தில் ஃப்ளை என்று முடியும் பூச்சிப் பெயர்களைத் தமிழன் எப்படிச் சொல்கிறான்? பட்டர்ஃப்ளை பட்டாம்பூச்சி. ஃபயர்ஃப்ளை மின்மினிப்பூச்சி. டிராகன்ஃப்ளை தட்டான்பூச்சி, அல்லது தும்பி. 'வெண்ணெய் ஈ' என்றோ 'நெருப்பு ஈ' என்றோ யாரும் சொன்னதில்லை. மின்மினி உண்மையில் வண்டினம் என்பது தெரியாதவர்கூட அதை ஈ என்று சொல்லமாட்டார். ஆக, ஆங்கிலத்தின் பழைய ஃப்ளை நிற்கும் இடத்தில் தமிழில் 'பூச்சி' ஏற்கெனவே வந்து நிற்கிறது. புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டாம். குழந்தை வாயில் வரும் சொல்லைத் தூண்டிலுக்கும் வைத்தால் போதும்.

'ஈத்தூண்டில்' என்ற வடிவத்தை ஆதரிப்பவர்கள் இதற்கு ஒரு மறுப்பு வைத்திருக்கிறார்கள். தமிழிலும் ஈ என்பது விரிந்த பொருள் உடையதுதானே, தேனீ ஈயா? தென்னை மரத்தைப் பாழாக்கும் வெள்ளை ஈ உண்மையான ஈயா? அது சாறு உறிஞ்சும் வேறு இனம் ஆயிற்றே? இந்தக் கேள்விகள் நல்ல கேள்விகள், தட்டிவிட முடியாது. ஆனால் தேனீயில் 'தேன்' என்ற அடை முன்னால் நின்று பொருளை மாற்றிவிடுகிறது. அடையில்லாத வெறும் ஈயைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். பலகாரத் தட்டில் உட்காருவது, புண்ணில் மொய்ப்பது, வியாபாரமில்லாத கடைக்காரர் ஓட்டுவது, இவைதான் நினைவுக்கு வரும். சிறகுள்ள பூச்சிகள் எல்லாவற்றுக்கும் பொதுப்பெயராக வெறும் 'ஈ' தமிழில் வழங்குவதில்லை. 'வெள்ளை ஈ' வேளாண்மைக் கையேடுகள் வழியே வந்த மொழிபெயர்ப்பு. உழவர்கள் நடுவே அது நிலைத்துவிட்டது, இருக்கட்டும். ஒரு மொழிபெயர்ப்பு நிலைத்துவிட்டது என்பதற்காக, அதைக் காட்டி அடுத்ததற்கு வழிவிட முடியாது.

பூச்சியியல் வழியாகப் பார்த்தாலும் ஈ நிற்காது. இந்தத் தூண்டிலுக்குப் பேர்போனது ட்ரவுட் என்ற மலையாற்று மீன். அதன் முதன்மையான பூச்சி உணவு மூன்று வகை. ஆங்கிலத்தில் மேஃப்ளை, கேடிஸ்ஃப்ளை, ஸ்டோன்ஃப்ளை. முதலாவது தண்ணீருக்கடியில் மாதக்கணக்கில் வளர்ந்து, சிறகு முளைத்தபின் ஓரிரு நாளில் இனப்பெருக்கம் முடித்து மடிவது. இரண்டாவது, புழுப்பருவத்தில், பெரும்பாலும் மணலையும் சுள்ளியையும் ஒட்டித் தனக்கு ஒரு கூடு கட்டி, அதை இழுத்துக்கொண்டே ஆற்றடியில் ஊர்வது. மூன்றாவது இளம்பருவத்தில் கல்லுக்கடியில் ஒட்டிக்கிடப்பது. மூன்றும் பூச்சியியலார் ஈ வரிசை என்று வகுத்த பிரிவைச் சேர்ந்தவையே அல்ல. ஈ வரிசைக்கு இரண்டே சிறகு. இவற்றுக்குப் பெரும்பாலும் நான்கு. கொசுவைப் போன்ற கடிக்காத நீர்ப்பூச்சிகள் சில ஈ வரிசையில் வருகின்றன, அவற்றைப் போலவும் பொய்யிரை செய்கிறார்கள் என்பது உண்மை. அந்த ஒன்றுக்காக மற்ற மூன்றையும் ஈயாக்க முடியாது. முதலாவதை 'மே ஈ' என்று எழுதியதையும் பார்த்திருக்கிறேன். மே மாதத்துக்கு முன்னும் பின்னும் பறக்கும் பூச்சிக்கு, ஐரோப்பாவின் வசந்தத்தை நெற்றியில் ஒட்டி அனுப்பும் வேலை இது.

எல்லாவற்றையும்விட எனக்குப் பெரிதாகப் படுவது தெளிவு. 'ஈ மீன்பிடிப்பு' என்று படிக்கும் ஒருவர், முள்ளில் உயிருள்ள ஈயைக் குத்திப் போடுவார்கள் என்றுதான் எண்ணுவார். ஊர்க்குளத்தில் மண்புழுவைக் குத்திப் போட்டுப் பழகியவருக்கு அதுவே இயல்பான பொருள். ஆனால் உயிரிரைக்கு இடமில்லை என்பது ட்ரவுட் ஆறுகள் பலவற்றில் உள்ள விதி. சொல் சொல்வதற்கு நேர் எதிரான செயல் ஆற்றங்கரையில் நடக்கிறது. 'பூச்சித் தூண்டில்' என்று மட்டும் சொன்னாலும் இந்தக் குழப்பம் தீராது. எனவேதான் 'பொய்' வேண்டும். பொய்க்கால் குதிரை, பொய்ப்பல், பொய்முடி என்று நம்மிடம் வாழும் அடை அது. 'செயற்கை' என்பதைவிடப் பொருத்தமும்கூட. செயற்கை என்பது செய்யப்பட்டதை மட்டும் சொல்லும். பொய் என்பது ஏமாற்றுவதையும் சேர்த்துச் சொல்லும். மீனை ஏமாற்றுவதுதானே இங்கே வேலை?

அது எப்படி ஏமாற்றுகிறது என்பதைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். அரை விரல்கடை நீளமுள்ள முள்ளை இடுக்கியில் பிடித்து, தண்டில் மெல்லிய நூலை நெருக்கமாகச் சுற்றுகிறார்கள். முயல் ரோமத்தை நூலில் முறுக்கி உடம்பு. பிறகு சேவலின் கழுத்து இறகு ஒன்றின் அடியை நூலால் கட்டி, நுனியைப் பிடித்துத் தண்டைச் சுற்றி இரண்டு மூன்று முறை வளைத்தால், இறகின் இழைகள் நாலாபுறமும் சிலிர்த்து நிற்கும். அந்தச் சிலிர்ப்புதான் பூச்சியைத் தண்ணீர்மேல் தாங்குகிறது. கீழேயிருந்து பார்க்கும் மீனுக்கு அது ஆறு கால் ஊன்றி நிற்கும் பூச்சியாகத் தெரிகிறது. இதற்கு எடையென்று சொல்ல ஒன்றுமில்லை. இதை மட்டும் எறிந்தால் காலடியில் விழும். ஆகவே எடையைக் கயிற்றில் வைத்தார்கள். தடித்த கயிற்றைச் சாட்டைபோல முன்னும் பின்னும் சுழற்ற, கயிறு பறந்துபோகும்போது நுனியில் கட்டிய தங்கூஸ் நரம்பும் பூச்சியும் கூடவே போய் மெல்ல இறங்கும். மற்ற தூண்டிலில் இரையோ ஈயக்குண்டோ நரம்பை இழுத்துப்போகிறது. இதில் கயிறு இரையைக் கொண்டுபோகிறது. அடிப்படை வேறுபாடு இதுவே.

இதை வைத்து 'வீச்சுத்தூண்டில்' என்று சொல்லலாமே என்பவர்களும் உண்டு. நல்ல ஓசை, நல்ல தமிழ். ஆனால் நரம்பு சுற்றும் உருளை பூட்டிய எந்தத் தூண்டிலையும் வீசத்தான் செய்கிறார்கள். வீச்சு வலை வேறு இருக்கிறது. பிரித்துக்காட்டாத சொல் பெயராக நிற்காது. இன்னொரு தடை: சிறுமீனைப் போலச் செய்யும் பொய்யிரையும் இந்தத் தூண்டிலில் உண்டு, அது எப்படிப் பூச்சியாகும் என்பது. ஆங்கிலத்திலும் அதை ஃப்ளை வகையில்தான் சேர்க்கிறார்கள். பெரும்பான்மை பற்றி வந்த பெயர் என்று தமிழ் இலக்கணம் இதற்கு எப்போதோ இடம் கொடுத்துவிட்டது.

'மீன்பிடிப்பு' என்ற பின்பாதியும் எனக்கு உடன்பாடில்லை. மீன்பிடி என்றால் நமக்கு வலை, படகு, தடைக்காலம், பிழைப்பு. கோலும் முள்ளும் கொண்டு பிடிப்பதற்குத் 'தூண்டில்' என்ற சொல் நம்மிடம் அப்படியே இருக்கிறது. தூண்டு என்ற வினையடியாக வந்த பெயர். பசியில்லாத மீனையும் சீண்டி வாய் திறக்கவைக்கும் இந்தக் கலைக்கு அதைவிடப் பொருத்தமான சொல் எங்கே கிடைக்கும்? தூண்டில் போடுவது என்ற வினையும் கூடவே வருகிறது. 'பொய்ப்பூச்சித் தூண்டில் போடப் போகிறோம்' என்று வாய்விட்டுச் சொல்ல முடியும். 'ஈ மீன்பிடிப்பில் ஈடுபடுகிறோம்' என்பதை யாராவது வீட்டில் சொல்வார்களா?

மீதித் தொடரையும் பார்த்துவிடலாம், ஏனென்றால் கோளாறு ஒரு சொல்லோடு நிற்கவில்லை. 'வழிகாட்டப்பட்ட பயணம்' என்றால் என்ன? பயணத்துக்கா வழிகாட்டினார்கள்? வழிகாட்டுவது போகிற ஆளுக்கு. 'வழிகாட்டியோடு போகும் பயணம்' என்றால் முடிந்தது. 'தொலைதூர மலை ஆறு' என்கிறார்கள். இமாச்சலத்தின் தீர்த்தன் ஆற்றங்கரையில் வாழ்பவருக்கு அது தொலைதூரமா? வண்டி போகாத, ஆளரவமில்லாத மலையாறு என்பதே சொல்ல வந்தது. காஷ்மீரின் லித்தர் போன்ற ஆறுகளைக் கூறுகூறாகப் பிரித்து, ஒரு கூறில் ஒரு நாளைக்கு இத்தனை தூண்டில் என்று அரசு மீன்வளத்துறை அனுமதிச்சீட்டு தருகிறது. அந்தக் கூறுக்கு ஆங்கிலத்தில் பீட். அதை 'அடி' என்று பெயர்த்து, 'உங்கள் அடியை முன்பதிவு செய்யுங்கள்' என்று எழுதியிருந்தார்கள். பிடித்த மீனைத் திரும்ப ஆற்றில் விடுவது 'பிடிப்பு மற்றும் வெளியீடு' ஆகியிருந்தது. புத்தகத்தை வெளியிடலாம், மீனை விடத்தான் முடியும். தண்ணீருக்கடியில் வளரும் இளம்பூச்சிக்கு ஆங்கிலத்தில் நிம்ஃப் என்று பெயர். அந்தச் சொல்லின் வேறொரு பொருளைப் பிடித்து, அது 'வனதேவதை' ஆனது. மிதக்கும் பூச்சி 'உலர் ஈ', அமிழும் பூச்சி 'ஈர ஈ'. மிதப்புப்பூச்சி, அமிழ்பூச்சி என்று சொல்ல எத்தனை நொடி ஆகும்?

பொருள் நமக்கு அந்நியமானது, அதனால்தான் சொல்லில்லை என்ற சமாதானத்தையும் ஏற்கமாட்டேன். ஸ்காட்லாந்துக்காரர் ஒருவரின் முயற்சியில் காஷ்மீருக்கு ட்ரவுட் முட்டைகள் உயிரோடு வந்துசேர்ந்தது 1900இல். முந்தைய ஆண்டு அனுப்பியவை வழியிலேயே கெட்டுப்போயின. நீலகிரியிலும் வெள்ளைக்காரர்கள் 19ஆம் நூற்றாண்டிலேயே முயன்றார்கள். அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அவலாஞ்சியில் பொரிப்பகம் வந்தது. மூணாறு, நுவரெலியா மலைகளிலும் ட்ரவுட் விட்டார்கள். மூன்று மலைகளிலும் தமிழர் வாழ்கிறார்கள். மீனுக்கு ட்ரவுட் என்றே சொல்கிறோம், அது சரியே. நம் ஆற்றில் முன்பு இல்லாத மீனுக்கு வந்த பெயரோடு இடம் கொடுப்பதில் குறையில்லை. பூச்சிக்கும் தூண்டிலுக்கும் அந்த நிலை இல்லையே.

பிழையான சொல் கையில் எங்கே உறைக்கும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. பிடித்த மீனைத் திரும்ப விடும் ஆறுகளில், முள்ளின் நுனிக்குச் சற்றுப் பின்னால், மீன் கழன்றுவிடாமல் பின்னோக்கி நிற்கும் சிறு எதிர்முனை இருக்கக்கூடாது என்று பல இடங்களில் விதி உண்டு. அது இல்லாவிட்டால் மீனின் வாய் கிழியாமல் முள் கழன்றுவரும். ஒரு கையேடு இதை 'முள் இல்லாத தூண்டில் மட்டுமே பயன்படுத்தவும்' என்று தமிழாக்கியிருக்கிறது. தமிழில் தூண்டில் முள் என்பது அந்த வளைந்த இரும்பேதான். முள்ளே இல்லாத தூண்டிலோடு ஒருவர் ஆற்றில் இறங்கி என்ன செய்வார்? பொருள் பிடிபடாமல், வழக்கமான முள்ளையே கட்டிக்கொண்டு இறங்குவார், வழிகாட்டி நிறுத்துவார். 'எதிர்முனை இல்லாத முள்ளையே கட்டவும்' என்று அந்த வரி இருக்க வேண்டும்.