உங்கள் உண்டியலில் பத்து லட்சம் இல்லை, அக்கா

போன வாரம் ஒரு அக்கா என் பழைய நாணயக் கடைக்கு வந்தார். பூ வியாபாரம் செய்கிறவர். கையில் ஹார்லிக்ஸ் பாட்டில் நிறையச் சில்லறை. மஞ்சள் துணியில் தனியாக முடிந்து வைத்திருந்த ஓர் ஐந்து ரூபாயை எடுத்து மேசையில் வைத்தார். 2012இல் வந்த மாதா வைஷ்ணோ தேவி காயின்.

"தம்பி, இது பத்து லட்சம் போகுமாம். வீடியோல பாத்து போன் பண்ணேன். பதிவுக்கு 850 கட்டச் சொன்னாங்க, கட்டினேன். அப்புறம் ஜிஎஸ்டின்னாங்க, ரிசர்வ் பேங்க் சர்டிபிகேட்டுன்னாங்க..."

மொத்தம் 18,400 ரூபாய். கம்மல் அடகில் இருக்கிறது. இப்படி ஏமாந்து என்னிடம் வந்தவர்களில் இந்த வருடம் இவர் ஏழாவது ஆள். அதனால்தான் கடையைச் சாத்திவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில், சேகரிப்பாளர்கள் தேடுகிற 'எரர்' காசு, அதாவது அடிக்கும்போதே பிழை விழுந்த காசு, அது இல்லை. அந்தக் காயினில் பிழையே இல்லை. கோயில் வாரியத்தின் வெள்ளி விழாவுக்காக அரசே வெளியிட்டுப் புழக்கத்தில் விட்ட நினைவு நாணயம் அது. 1995 உலகத் தமிழ் மாநாட்டுத் திருவள்ளுவர் காசு, 2009இல் தமிழ்க் கையெழுத்தோடு வந்த அண்ணா காசு, 2010இல் வந்த தஞ்சைப் பெரிய கோயில் ஐந்து ரூபாய் எல்லாம் இதே ரகம். அழகானவை, எடுத்து வையுங்கள். லட்சம் மட்டும் கேட்காதீர்கள். நானே இவற்றைக் கிண்ணத்தில் போட்டுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு விற்கிறேன்.

அடுத்து, என் பொறுமையை அதிகம் சோதிக்கும் விஷயம். அடிபட்ட காசு வேறு, எரர் காசு வேறு. தகட்டில் வில்லை (அச்சு விழாத வெறும் வட்டம்) வெட்டுவதில் தொடங்கி அச்சு அடித்து முடிக்கும் வரை நாணயச்சாலைக்குள் நடந்த கோளாறுதான் எரர். வாசலைத் தாண்டி வெளியே வந்தபின் அதற்கு என்ன ஆனாலும் அது சேதம். தண்டவாளத்தில் வைத்து நசுக்கியது சேதம். அடுப்பில் விழுந்து கறுத்தது சேதம். ஆசிட்டில் ஊறி மெலிந்தது, ஆசாரி தட்டியது, கிரைண்டரில் மாட்டியது எல்லாமே சேதம்தான். "சார், இதுல நம்பரே இல்ல சார்" என்று நீட்டுகிறார்கள். இல்லைதான், தேய்ந்துபோய்விட்டது. முப்பது வருடம் கை மாறினால் உங்கள் பெயரே தேய்ந்துவிடும்.

பத்து ரூபாயில் நடுவட்டத்தைத் தட்டி எடுத்துத் திருப்பிப் பொருத்திக்கொண்டு வருகிறவர்களும் உண்டு. வட்டமும் வளையமும் ஒன்றாகச் சேர்ந்தபின்தான் அச்சு விழுகிறது. ஆகவே நடுவட்டம் நகர்ந்த நிஜ எரரில்கூட, இரண்டு உலோகத்தையும் தாண்டிப் போகும் கோடு உடையாமல் போகும். உடைந்திருந்தால் யாரோ சுத்தியல் பிடித்திருக்கிறார் என்று பொருள். பட்டறை வைஸில் (இறுக்கிப் பிடிக்கும் கருவி) இரண்டு காசை நெருக்கி, கண்ணாடி பிம்பம் மாதிரிப் பள்ளம் விழவைத்து, புரோக்கேஜ் (முந்தைய காசு அச்சில் ஒட்டிக்கொண்டு அடுத்த காசில் பதியும் எரர்) என்று விற்பதும் நடக்கிறது. மறுபக்கத்தைப் பாருங்கள். நிஜமானதில் அது கூர்மையாக இருக்கும், வைஸ் பட்டதில் சப்பையாக இருக்கும்.

இன்னொரு தொல்லை மின்ட் மார்க், அதாவது எந்த நாணயச்சாலையில் அடித்தது என்று காட்டும் குறி. வருடத்துக்குக் கீழே நட்சத்திரம் இருந்தால் ஹைதராபாத், வைரம் இருந்தால் மும்பை, வட்டப் புள்ளி இருந்தால் நொய்டா. எதுவுமே இல்லையென்றால் கொல்கத்தா. கொல்கத்தாவில் அடித்தால் குறி போடுவதில்லை, அவ்வளவுதான். "குறி இல்லாத அபூர்வ நாணயம்" என்று வீடியோ போடுகிறவருக்கு இது தெரியாமல் இல்லை. 1985ஆம் வருட ஒரு ரூபாய்க் காசில் இருக்கும் 'எச்' பிழை என்றும் ஒருவர் வாதாடினார். அது இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில், ஹீட்டன் மின்ட்டில் அடித்து வந்தது.

தலைகீழ் விவகாரமும் அப்படித்தான். நம் காசில் சிங்கம் நேராக நிற்கும்படி பிடித்து, புத்தகத் தாள் மாதிரி பக்கவாட்டில் திருப்பினால் பின்பக்கமும் நேராக இருக்க வேண்டும். நன்றாகச் சாய்ந்திருந்தால் அச்சு சுழன்ற எரர், கொண்டு வாருங்கள். ஆனால் மகன் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த குவார்ட்டர் (25 சென்ட்) காசை இப்படித் திருப்பிப் பார்த்துவிட்டு ஓடி வராதீர்கள். அவர்கள் ஊரில் பின்பக்கத்தைத் தலைகீழாக அடிப்பதுதான் வழக்கம்.

நிஜ எரர் கிடைக்கவே கிடைக்காதா? கிடைக்கும். அச்சு விலகி ஒரு பக்கம் வெறுமையாக விழுந்த ஆஃப் சென்டருக்குச் சில நூறு கிடைக்கும், நன்றாக விலகியிருந்து வருடமும் தெரிந்தால் ஆயிரங்களும் போகும். அச்சில் விழுந்த விரிசல் காசில் மெல்லிய கோடாகப் பதிந்திருந்தால் அதற்கு டீ செலவுதான் தேறும்.

தயவுசெய்து காசைத் தேய்க்காதீர்கள். புளி, விபூதி, பற்பசை எதுவும் வேண்டாம். தேய்த்த காசை வாங்கும் சேகரிப்பாளர் எனக்குத் தெரிந்து யாருமில்லை. போட்டோவை அனுப்பி விலை கேட்காதீர்கள். விளிம்பைப் பார்க்காமல், எடை போடாமல் நான் வாய் திறக்க மாட்டேன்.

வாங்குகிறவன்தான் பணம் தர வேண்டும். உங்களிடம் முன்பணம் கேட்கிறவன் திருடன், ஐந்து ரூபாய் கேட்டாலும் திருடன்தான். ரிசர்வ் வங்கி பழைய காசு வியாபாரத்தில் இல்லை, அதற்குக் கட்டணமோ கமிஷனோ கேட்பதும் இல்லை. 2021 ஆகஸ்டிலேயே அறிக்கை விட்டுச் சொல்லிவிட்டார்கள். பணம் போய்விட்டதா? வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராமல் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு உடனே அழையுங்கள். ஒவ்வொரு மணி நேரத் தாமதத்திலும் பணம் கணக்கு மாறிக்கொண்டே போகும்.

அக்காவுக்கு நானே 1930ஐப் போட்டுக் கொடுத்தேன். அவர் பேசிக்கொண்டிருக்கும்போது பாட்டிலைக் கொட்டிப் பார்த்தேன். 1998 ஒரு ரூபாய் ஒன்று, ஓரத்தில் எலி கடித்த மாதிரி வளைவாகக் குறைந்திருந்தது. லென்ஸில் கடிக்கு நேர் எதிர் விளிம்பைப் பார்த்தேன். மங்கலாக, எழும்பாமல் இருந்தது. அரத்தால் ராவினால் அப்படி வராது. தகட்டில் வில்லை வெட்டும்போதே குறைபட்ட அசல் கிளிப்.

"அதுவா தம்பி? டீக்கடையில செல்லாதுன்னு திருப்பிக் கொடுத்துட்டான்" என்றார்.

முந்நூறு ரூபாய் கொடுத்தேன். நம்பாமல் இரண்டு முறை எண்ணிப் பார்த்துவிட்டு, "இதுக்கு முன்னாடி நான் ஏதும் கட்டணுமா?" என்று கேட்டார்.