மாரடைப்புத் தழும்பை சிடி ஸ்கேன் எப்படி அளக்கிறது?

கடலூரிலிருந்து கோரிமேட்டு ஜிப்மருக்குப் பஸ் ஏறும் இதய நோயாளிகளின் ஃபைலில் இசிஜியும் எக்கோவும் எப்படியும் இருக்கும். இதயச் சுவரின் எந்தப் பகுதி சரியாகச் சுருங்கவில்லை என்பதை எக்கோ காட்டிவிடும். ஆனால் அந்தப் பகுதி செத்துத் தழும்பாகிவிட்டதா, ரத்தம் போதாமல் சோர்ந்து கிடக்கிறதா என்பதை அதை மட்டும் வைத்துச் சொல்வது கஷ்டம். சோர்ந்த தசைக்கு ரத்தம் கிடைத்தால் மீள வாய்ப்பு உண்டு, தழும்புக்கு இல்லை.

இறந்த தசைச் செல்கள் இருந்த இடத்தைக் கொலாஜன் நார் நிரப்புவதுதான் தழும்பு. அது சுருங்காது, மின்துடிப்பையும் ஒழுங்காகக் கடத்தாது. நடுவே தப்பிப் பிழைத்த தசை இழைகள் வழியாக மின்துடிப்பு வட்டமடிக்க ஆரம்பித்தால் உயிருக்கே ஆபத்தான வேகத்தில் இதயம் துடிக்கும்.

தழும்பைப் பார்ப்பதில் எம்ஆர்ஐதான் மூத்தது. ஆனால் சில பேஸ்மேக்கர்கள் அதற்கு ஒத்துவராது. குழாய்க்குள் நெடுநேரம் படுத்து, சொல்லும்போதெல்லாம் மூச்சை அடக்கவும் எல்லோராலும் முடியாது. சிடி சில நொடிகளில் படம் எடுத்துவிடும்.

ரத்தநாளத்தில் ஏற்றும் அயோடின் மருந்துதான் இங்கே அளவுகோல். அது உயிருள்ள செல்லுக்குள் நுழையாது, செல்களுக்கு வெளியே உள்ள இடத்தில் மட்டும் பரவும். கடலூர்–புதுச்சேரி பஸ்ஸில் சீட்டுகளைச் செல்களாக வைத்துக்கொள்ளுங்கள். அயோடினுக்கு உட்கார அனுமதி இல்லை, நின்றுதான் வர வேண்டும். சீட்டுகளைக் கழற்றிவிட்டால் நிற்கும் கூட்டம் கூடும் அல்லவா? தழும்பில் நடப்பதும் அதுதான். தவிர, தழும்பை விட்டு மருந்து வெளியேறவும் தாமதமாகும். அதனால் மருந்து ஏற்றி ஐந்து, பத்து நிமிடம் கழித்து எடுத்த படத்தில் தழும்பு வெளுப்பாகத் தெரியும். வெளுப்பு சுவரின் உள்பக்கத்திலிருந்து தொடங்கினால் பெரும்பாலும் மாரடைப்பின் தடம். நடுவிலோ வெளிப்பக்கத்திலோ மட்டும் இருந்தால் வேறு காரணம் தேட வேண்டும்.

இதயம் முழுக்கப் பரவிய மெல்லிய நாரைக் கண்டுபிடிப்பதுதான் சிரமம். எல்லா இடமும் ஒரேபோல் வெளுத்தால் எதோடு ஒப்பிடுவது? அங்கேதான் கணக்கு உதவுகிறது. சிடி படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் ஹவுன்ஸ்ஃபீல்ட் எண் உண்டு: தண்ணீருக்கு 0, காற்றுக்கு −1000. மருந்துக்கு முன் 45 காட்டிய தசை பிறகு 75 ஆகிறது, 40 காட்டிய ரத்தம் 110 ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். உயர்வு 30, 70. ரத்தத்திலும் செல்கள் இருப்பதால், அவற்றின் பங்கான ஹீமட்டோக்ரிட் ரத்தப் பரிசோதனையில் தெரிய வேண்டும். அது 40 சதவீதம் என்றால் மீதி 60. 30-ஐ 70-ஆல் வகுத்து 0.6-ஆல் பெருக்கினால் சுமார் 26 சதவீதம். தசையில் செல்லுக்கு வெளியே உள்ள இடத்தின் பங்கு இது. ஆரோக்கியமான இதயத்தில் பொதுவாக 25 முதல் 30 சதவீதத்துக்குள் வரும்.

பலவீனமும் இதே கணக்கில் இருக்கிறது. தசையின் உயர்வு 30-க்குப் பதிலாக 35 என்று பதிவானால் விடை 30-க்குப் போய்விடும். படத்தில் அந்த அளவு இரைச்சல், அதாவது எண்களின் தற்செயலான ஏற்ற இறக்கம், சாதாரணம். அதனால் ஒற்றைப் புள்ளியை நம்பாமல் பெரிய பரப்பின் சராசரியை எடுக்கிறார்கள். எக்ஸ்ரே குழாயின் மின்னழுத்தத்தைக் குறைத்தால் அயோடின் இன்னும் பளிச்சென்று தெரியும். இரட்டை ஆற்றல் சிடி அயோடினை மட்டும் தனியே பிரித்துக் காட்டும். இவ்வளவு செய்தாலும், எம்ஆர்ஐ எடுக்க முடிகிறவருக்கு அதைவிட்டு இதற்கு வர அவசரம் இல்லை என்பேன். கூடுதல் கதிர்வீச்சு உண்டு, சிறுநீரகப் பலவீனத்தைக் காட்டும் கிரியேட்டினின் ஏறியிருந்தால் மருந்தை யோசித்துத்தான் ஏற்ற வேண்டும்.

நெஞ்சைத் திறக்காமல் பெருநாடி வால்வு மாற்றப்போகும் வயதானவர்களின் கதை வேறு. அளவெடுக்க அவர்களுக்கு எப்படியும் சிடி எடுக்கிறார்கள், மருந்தும் உள்ளே போய்விட்டது. சில நிமிடம் காத்திருந்து குறைந்த கதிர்வீச்சில் இன்னொரு படம் எடுத்தால் போதும். வால்வு நோய்க்குப் பின்னால் ஒளிந்திருக்கும் அமிலாய்டு என்ற புரதப் படிவும் இந்தச் சதவீதத்தை நன்றாக ஏற்றிவிடுவதால், சந்தேகம் அங்கேயே எழும்.