டேப்பர் – படிக்குறைப்பு

குடியை நிறுத்த வந்தவரின் சீட்டில் "டேப்பர்" என்று எழுதுகிறார்கள். பழைய ஆங்கிலத்தில் இது மெழுகுத்திரியின் பெயர். அதன் வேர், ஒருகாலத்தில் திரிக்குப் பயன்பட்ட பப்பைரஸ் கோரையின் பெயராக இருக்கலாம். திரி நுனிக்குப் போகப் போக மெலிவதால் மெலிதல் என்ற பொருள் வந்தது. பிறகு மருந்தளவைக் குறைத்துக்கொண்டே வருவதற்கும் அதுவே பெயராயிற்று.

நேர்ச்சொல் வேண்டுமென்றால் "கூம்பல்". வடிவத்துக்கு நன்றாகப் பொருந்தும், மருந்துக்குப் பொருந்தாது. மாத்திரை அளவு சரிந்து இறங்குவதில்லை, நாளுக்கு ஒரு படியாக இறங்குகிறது. அரிசி அளப்பதும் படிதான். இரண்டு பொருளும் சேர்வதால் படிக்குறைப்பே சரியான சொல்.

வீட்டிலிருந்தே குடியை விடுபவருக்கு வழக்கமான மருந்து குளோர்டயசெபாக்சைடு. நடுத்தர அளவில் அடிமைப்பட்டவருக்கு ஓர் எடுத்துக்காட்டு: முதல் நாள் 20 மி.கி. வீதம் நான்கு வேளை, அதாவது 80. அடுத்த நாள் 60, பிறகு 40, 20, ஐந்தாம் நாள் இரவு மட்டும் 10. உண்மையான அளவை மருத்துவர்தான் முடிவுசெய்வார்.

மூளையை அமைதிப்படுத்தும் காபா என்ற வேதிப்பொருளின் வேலைக்கு மது நெடுநாள் துணைநிற்கிறது. அது திடீரென்று நின்றால் சில மணி நேரத்திலேயே கை நடுங்கும், வியர்க்கும். 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். மூன்றாம் நாளை ஒட்டிச் சன்னி, அதாவது நினைவு குழம்பிப் பிதற்றும் நிலை, காணலாம். மாத்திரை மதுவின் இடத்தில் நின்று, பிறகு மெல்ல விலகுகிறது.

இரண்டாம் நாளே நடுக்கம் நின்றுவிட்டதென்று மாத்திரையை விட்டுவிடுவது பலர் செய்யும் தவறு. மாத்திரையோடு குடிப்பது அதைவிட ஆபத்து: மூச்சு அடங்கிப்போகும். ஆகவே ஓரிரு நாளுக்கான மாத்திரையை மட்டும் வாங்கி, வீட்டார் ஒருவர் கையில் வைத்திருந்து வேளைக்குக் கொடுக்க வேண்டும். போதையில் இருப்பவருக்கு முதல் வேளையைத் தொடங்கக் கூடாது. கல்லீரல் கெட்டவருக்கு இம்மருந்து உடலில் தேங்கி மயக்கம் தரும். அவருக்கு லோராசெபாம் தருவார்கள். முன்பு வலிப்போ சன்னியோ கண்டவருக்கும், துணையின்றித் தனியே இருப்பவருக்கும் வீடு இடமல்ல. மருத்துவமனையில் சேர்க்க வேண்டும்.

கூடவே தரும் தயமின் (வைட்டமின் பி1) மாத்திரைக்குப் படிக்குறைப்பு கிடையாது. ஐந்து நாள் கழிந்தும் அது தொடரும். குளோர்டயசெபாக்சைடு தொடரக் கூடாது. பழைய சீட்டைக் காட்டிக் கடையில் மறுபடி வாங்கினால் மாத்திரைக்கே அடிமையாக நேரும்.