ஒன்-ஆஃப்: முதலும் கடைசியும்

பட்டர்வொர்த்தில் இருக்கும் என் பெரியம்மாவுக்கு எண்பது வயது நெருங்குகிறது. 2025 ஜூலையில், பதினெட்டு வயது நிரம்பிய மலேசியர் எல்லாருக்கும் அடிப்படைப் பொருள்கள் வாங்க அரசு தரும் 'சாரா' உதவியாக 100 வெள்ளி (ரிங்கிட்) கிடைக்கும் என்று பிரதமர் அறிவித்த மறுநாள் தொலைபேசியில் அழைத்தார். "ஒருமுறை கொடுக்கிறார்களாமே தம்பி. மாதத்துக்கு ஒருமுறையா, வருடத்துக்கு ஒருமுறையா?"

சிரித்துவிட்டேன். ஆனால் அவர் கேள்வியில் பிழை ஏதும் இல்லை. 'ஒன்-ஆஃப்' என்ற ஆங்கிலச் சொல்லை யாரோ 'ஒருமுறை' என்று பெயர்த்திருந்தார்கள். வாரம் ஒருமுறை எண்ணெய்க் குளியல், ஆண்டுக்கு ஒருமுறை தைப்பூசம், 'ஒருமுறை வீட்டுப் பக்கம் வாருங்கள்' என்ற அழைப்பு. இவற்றில் எதிலும் 'மறுமுறை கிடையாது' என்ற பொருள் இல்லை. ஒன்-ஆஃப் என்ற சொல்லின் உயிரோ அந்த 'மறுமுறை கிடையாது' என்பதில்தான் இருக்கிறது.

இந்தச் சொல்லை நான் முதலில் படித்தது செய்தித்தாளில் அல்ல. பிறை தொழிற்பேட்டையில் ஓர் இயந்திரப் பட்டறையில் கடைசல் வேலைக்குச் சேர்ந்தபோது, வரைபடத் தாளின் மூலையில் பாகத்தின் பெயருக்கு எதிரே '6 ஆஃப்', '20 ஆஃப்' என்று எழுதியிருப்பார்கள். எனக்குத் தெரிந்த ஆஃப் இரண்டுதான்: விசையைத் தட்டி விளக்கை அணைப்பது ஒன்று, ஞாயிற்றுக்கிழமை வேலைக்குப் போகாமல் இருப்பது இன்னொன்று. 'ஆறு விடுமுறையா?' என்று கேட்டு மேற்பார்வையாளரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அந்தப் பாகத்தில் ஆறு செய்ய வேண்டும், அவ்வளவுதான். இருபது ஆஃப் என்றால் இருபது. ஒன் ஆஃப் என்றால் ஒன்றே ஒன்று.

இது பிரிட்டிஷ் பட்டறைப் பேச்சு. ஒரே அச்சிலிருந்து, அல்லது ஒரே இயந்திரத்திலிருந்து, எத்தனை உருப்படிகள் 'எடுக்கப்படுகின்றன' என்பதைக் குறிக்க எண்ணுக்குப் பின்னால் ஆஃப் போடுவது அங்கே வழக்கம். 'ஒன்-ஆஃப்' தனிச்சொல்லாகத் திரண்டதற்கு அகராதிகள் காட்டும் பழைய சான்று 1934ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதுவும் பிரிட்டனின் வார்ப்படத் தொழிலர் அமைப்பு ஒன்றின் வெளியீட்டில் வருகிறது.

வார்ப்படக்காரருக்கு ஏன் இப்படி ஒரு சொல் தேவைப்பட்டது? இரும்பு வார்க்க முதலில் மரத்தில் மாதிரி செதுக்க வேண்டும். அதை மணலில் அழுத்தி அச்சுக்குழி எடுக்க வேண்டும். நூறு உருப்படி வார்ப்பதானால் அந்த மர வேலைக்கான செலவு நூறாகப் பிரிந்துவிடும். ஒன்றே ஒன்றுக்கு அவ்வளவு மெனக்கெடுவது வீண். எனவே மணி, கொப்பரை போன்ற வட்ட வடிவப் பொருள்களுக்கு ஒரு குறுக்குவழி வைத்திருந்தார்கள். நடுவில் ஒரு தண்டை நட்டு, விளிம்பை வேண்டிய வளைவில் வெட்டிய பலகையை அதில் மாட்டிச் சுற்றுவார்கள். பலகை ஈர மணலைச் சீவிக்கொண்டே போய் அச்சை உருவாக்கிவிடும். முழு மாதிரியே வேண்டாம். அந்த 1934 வாக்கியமும் இப்படிச் சீவி எடுக்கும் ஒன்-ஆஃப் வேலையைப் பற்றியதுதான். ஆக, இந்தச் சொல் பிறந்தபோது வியப்பையோ அருமையையோ குறிக்கவில்லை. அது ஒரு செலவுக் கணக்கு.

நம்மிடம் இதற்கு நேரான பழைய சொல் ஏன் இல்லை என்று பல நாள் யோசித்திருக்கிறேன். கும்பகோணம் பக்கத்துச் சுவாமிமலையில் பஞ்சலோகச் சிலை வார்க்கும் முறையை நினைத்துப் பாருங்கள். ஸ்தபதி மெழுகில் உருவம் செய்கிறார். அதன்மேல் காவிரி வண்டலைப் பூசிக் காய வைக்கிறார். சூடேற்றினால் மெழுகு உருகி ஓடிவிடுகிறது. அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றி, ஆறிய பிறகு மண் அச்சை உடைத்துச் சிலையை எடுக்கிறார். மெழுகும் போயிற்று, அச்சும் போயிற்று. அங்கே ஒவ்வொரு சிலையும் ஒன்-ஆஃப்தான். எல்லாமே அப்படி இருக்கிற இடத்தில் அதற்கென்று தனிப்பெயர் எதற்கு? ஒரே மாதிரி ஆயிரம் செய்கிறவனுக்குத்தான் ஒன்றை மட்டும் செய்வது பெயர் வைக்கத்தக்க சங்கதியாகிறது.

பட்டறையை விட்டு வெளியேறியதும் சொல் கிளை பரப்பியது. மனிதரைச் சொன்னால் பாராட்டு: 'அவர் ஒரு ஒன்-ஆஃப்'. தமிழில் 'அவர் தனி ரகம்' என்போம், கொஞ்சம் குறும்பும் சேர்ந்துவிடும், அதுவும் பொருத்தமே. தொலைக்காட்சியில், தொடராக வராத ஒற்றை நிகழ்ச்சி. புலவர்கள் காப்பியத்தில் சேராமல் அந்தந்த வேளைக்குப் பாடிவிட்டுப் போனவற்றைத் தனிப்பாடல் என்கிறோமே, அந்தத் 'தனி' இங்கே அழகாக உட்காரும்.

எனக்குப் பிடிக்காத பொருள் ஒன்று உண்டு. ஏதாவது தவறு நடந்தால் உடனே 'இது ஒன்-ஆஃப் சம்பவம்' என்று அறிக்கை விடுவது. நேற்று நடந்தது நாளை நடக்காது என்று இன்றே எப்படித் தெரியும்? இதைத் 'தனித்த சம்பவம்' என்று பெயர்ப்பது அறிக்கை எழுதியவருக்குத் துணைபோவது. 'இது ஒன்-ஆஃப் சம்பவம் என நிறுவனம் கூறுகிறது' என்பதை 'இது மீண்டும் நடக்காது என நிறுவனம் கூறுகிறது' என்று எழுதினால் அது வாக்குறுதி என்பது வெளிப்பட்டுவிடும்.

ஒலியால் வரும் குழப்பம் வேறு. 'பலவற்றுள் ஒன்று' என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரும் காதுக்கு ஏறக்குறைய இப்படித்தான் கேட்கும். இங்குள்ள அறிவிப்புகளில் ஒன்றுக்கு மற்றதை எழுதியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றேதான், ஒன் ஆஃப். பொருளோ நேர் எதிர்.

இன்னொரு கலப்பும் உண்டு. பினாங்கில் 2009இல் திங்கட்கிழமைகளில் இலவச நெகிழிப் பையை நிறுத்தினார்கள். 2011இல் அது எல்லா நாளுக்கும் ஆயிற்று. அந்தப் பையை 'ஒருமுறை பயன்படுத்தும் நெகிழி' என்கிறோம். சரிதான். ஆனால் அது ஒன்-ஆஃப் ஆகாது. ஒன்-ஆஃப் பொருளை நூறு ஆண்டு பயன்படுத்தலாம், செய்யப்பட்டது ஒன்றே. பையைப் பயன்படுத்துவது ஒரு தடவை, செய்யப்படுவதோ கோடிக்கணக்கில். மொத்தமாக ஒரே தவணையில் கிடைக்கும் பணத்தையும் ஒன்-ஆஃபோடு சேர்க்கக் கூடாது. அது பிரிக்காமல் தருவது. ஒன்-ஆஃபோ மறுபடியும் தராதது.

சரி, உதவித்தொகைக்கு என்ன சொல்வது? 'ஒரே முறை' என்றால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். அந்த ஏகாரம் மற்ற முறைகளை விலக்கிவிடுகிறது. செய்தித்தாளுக்கு 'ஒருமுறை மட்டும் வழங்கப்படும் தொகை' போதும், நீளம் கூடினாலும் பரவாயில்லை. பட்டறைத் தாளுக்கு 'ஒற்றை உருப்படி' என்றே எழுதலாம். ஆனால் இந்தச் சொல்லின் உயிரைப் பிடிக்கும் தொடர் அகராதிக்காரர் யாரும் ஆக்காதது, வீட்டில் புழங்குவது: 'இதோடு சரி'. பிள்ளை இன்னொரு மிட்டாய் கேட்கும்போது அம்மா சொல்வது. கடன் கொடுப்பவர் சொல்வது. எண்ணிக்கையும் முடிவும் அதில் ஒன்றாக இருக்கின்றன.

பெரியம்மாவிடமும் அப்படித்தான் சொன்னேன். "மாதமும் இல்லை, வருடமும் இல்லை பெரியம்மா. ஆகஸ்ட் 31 முதல் டிசம்பர் 31 வரைக்குள் மைகாட் அடையாள அட்டையைக் காட்டிக் கடையில் சாமான் வாங்கிவிடுங்கள். இதோடு சரி." உடனே புரிந்தது. அரிசியும் எண்ணெயும் வாங்கி முடித்துவிட்டார்.

அக்டோபரில் 2026க்கான வரவு செலவுத் திட்டம் தாக்கலானது. பிப்ரவரியில் எல்லாருக்கும் இன்னொரு 100 வெள்ளி என்று அதில் அறிவித்தார்கள். அன்று மாலையே தொலைபேசி ஒலித்தது.

"தம்பி, உன்னுடைய இதோடு சரி மறுபடியும் வருகிறதாமே?"