இறங்கும் நேரத்தில் எழும்பாதீர்கள்

போன வாரமும் ஒருவர் தலையில் கட்டோடுதான் கட்டுநாயக்க விமான நிலையத்தில் இறங்கினார். வளைகுடாவிலிருந்து வந்த விமானம். பெல்ட் விளக்கு எரிந்துகொண்டிருந்தது, மூன்று மொழியிலும் அறிவித்தாயிற்று. மேலே வைத்த பையை எடுக்க எழும்பியவரிடம் "ஐயா, இருங்கோ" என்று சொல்லி முடிப்பதற்குள் விமானம் ஒரு தடவை தூக்கிப் போட்டது. பக்கத்தில் பெல்ட்டோடு இருந்த மனைவிக்கு ஒரு கீறலும் இல்லை. விமானப் பணியாளராக இதைத் திரும்பத் திரும்பப் பார்த்துச் சலித்துவிட்டது, அதனால் எழுதுகிறேன்.

ஒக்டோபர், நவம்பர் வந்தால் "மேல், சப்ரகமுவ மாகாணங்களில் பிற்பகலில் இடியுடன் கூடிய மழை" என்று வானொலி தினமும் சொல்கிறது. மார்ச், ஏப்ரலிலும் அப்படித்தான். இரண்டு பருவமழைகளுக்கும் நடுவில் வரும் இந்த இடைப்பருவப் பெயர்ச்சிக் காலத்தில் காலை வெயிலில் சூடான நிலத்துக்கு மேல் மத்தியானம் எழும் இடிமுகில்கள் 40,000 அடியையும் தாண்டும். உயரத்தில் பறக்கும்போது விமானி அவற்றிலிருந்து 20 கடல்மைல், அதாவது 37 கிலோமீற்றர் ஒதுங்கிப் போகப் பார்ப்பார். இறங்கும்போது அவ்வளவு இடம் கிடைப்பதில்லை. ஓடுபாதை ஒன்றுதான், வரிசையில் மற்ற விமானங்களும் வருகின்றன. ரேடார் மழைத்துளியைக் காட்டும். இன்னும் மழை திரளாத, வளர்ந்துகொண்டிருக்கும் முகிலுக்குள் காற்று என்ன செய்கிறது என்பதை முழுதாகக் காட்டாது.

நீர்கொழும்புக் களப்பு ஜன்னலில் தெரிந்தால்தான் இறங்குகிறோம் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. தரைதொட அரை மணித்தியாலத்துக்கு முன்பே, ஏறக்குறைய 200 கிலோமீற்றர் தூரத்திலேயே இறக்கம் தொடங்கிவிடும். சென்னையிலிருந்து வருகிறீர்கள் என்றால் மன்னார்ப் பக்கமே.

மின்னலைப் பற்றி அதிகம் பயப்படுகிறீர்கள். பயணிகள் விமானம் ஒவ்வொன்றிலும் சராசரியாக வருடத்துக்கு ஒரு தடவை மின்னல் அடிக்கிறது. அதைத் தாங்கும்படிதான் செய்திருக்கிறார்கள். சரி, அதை விடுவோம்.

என்னை உண்மையில் வருத்துவது இன்னொரு பேச்சு. "ஏர் பொக்கெட்டுக்குள் போய் 5,000 அடி விழுந்தோம்" என்கிறார்கள். காற்றில் குழி என்று ஒன்று கிடையாது. இடிமுகிலில் மேலே ஏறும் காற்றும் கீழே இறங்கும் காற்றும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. ஒன்றிலிருந்து மற்றதற்குள் விமானம் நொடியில் நுழைந்துவிடும். அவ்வளவுதான் நடப்பது.

2024 மே 21 அன்று லண்டனிலிருந்து சிங்கப்பூர் போன சிங்கப்பூர் எயர்லைன்ஸின் எஸ்.கியூ. 321 விமானம் மியன்மாருக்கு மேல் குலுங்கியபோது ஒருவர் இறந்தார், பலர் படுகாயமடைந்தார்கள். "6,000 அடி விழுந்தது" என்று உலகமெல்லாம் பேசினார்கள். அந்த 6,000 அடி, பிறகு விமானிகள் ஒழுங்காக இறக்கிய உயரம். குலுக்கலில் விமானம் இழந்தது 178 அடிதான் என்று சிங்கப்பூர் விசாரணையாளர்களின் முதல் அறிக்கை சொல்கிறது. ஆனால் அது 4.6 நொடியில் நடந்தது. அதன் தொடக்கத்தில், 0.6 நொடிக்குள், விசை கூட்டல் 1.35 ஜீயிலிருந்து கழித்தல் 1.5 ஜீக்கு மாறியது (ஒரு ஜீ என்பது தரையில் நாம் உணரும் நம் எடை; கழித்தல் என்றால் மேல்நோக்கி). பெல்ட் இல்லாதவருக்கு அது கூரையை நோக்கி விழுவதுதான். பிறகு அங்கிருந்து கீழே. பஸ் சடுதியாகப் பிரேக் போட்டால் நிற்பவர் முன்னுக்குப் போவது போலத்தான், இங்கே திசை மேல்நோக்கி. அந்த விமானத்திலும் பெல்ட் விளக்கு போட்டுச் சில நொடிகளிலேயே அது நடந்துவிட்டது.

5,000 அடிக் கதையை நான் இவ்வளவு மறுப்பதற்குக் காரணம் உண்டு. "விழுகிற பிளேனில் பெல்ட் கட்டி என்ன பிரயோசனம்?" என்ற பேச்சு அதிலிருந்துதான் வருகிறது. விமானம் விழுவதில்லை. பெல்ட் போடாத ஆள்தான் பறக்கிறார். சில வேளை பெல்ட் போட்டிருப்பவரின் மேலேயே வந்து விழுகிறார்.

தயவுசெய்து, விளக்கு அணைந்திருந்தாலும் இருக்கையில் பெல்ட்டோடு இருங்கள். வயிற்றில் தொங்கவிடாமல் இடுப்பில் இறுக்குங்கள். கர்ப்பிணிகள் வயிற்றுக்குக் கீழே. தூங்குவதென்றால் போர்வைக்கு மேல் போடுங்கள், நாங்கள் எழுப்பிக் கேட்க வேண்டி வராது. கழிவறைக்கு இறக்கம் தொடங்க முன்பே போய் வாருங்கள். டியூட்டி ஃப்ரீ போத்தலை மடியில் வைக்காதீர்கள். முகிலை வீடியோ எடுக்க எழும்பி நிற்காதீர்கள். நடைபாதையில் நிற்கும்போது குலுங்கத் தொடங்கினால் உங்கள் சீட்டைத் தேடி ஓட வேண்டாம்; கிட்ட இருக்கும் வெற்றுச் சீட்டில் இருங்கள், அதுவும் இல்லையென்றால் நிலத்திலேயே அமர்ந்து சீட்டின் காலைப் பிடியுங்கள்.

நாங்கள் எங்கள் இருக்கையில் கட்டிக்கொண்டிருக்கும்போது தண்ணீருக்கு மணி அடிக்காதீர்கள், தம்பிமாரே. அமெரிக்காவில் 2009 முதல் 2022 வரை குலுக்கலில் படுகாயமடைந்த 163 பேரில் 129 பேர் பணியாளர்கள். நாங்கள் இருக்காமல் நடந்துகொண்டிருப்பதுதான் காரணம்.

இறங்காமல் வட்டமடித்தாலோ, மத்தளை விமான நிலையத்துக்கோ சென்னைக்கோ திரும்பினாலோ எங்களைத் திட்டாதீர்கள். அதற்கான எரிபொருளோடுதான் புறப்படுகிறோம்.

கடைசியாக, கைக்குழந்தையோடு வரும் அம்மாமாருக்கு. "நான் இறுக்கிப் பிடித்திருக்கிறேன்" என்கிறீர்கள். அந்த ஒரு நொடியில் யாராலும் பிடிக்க முடியாது, பெற்ற தாயாலும் முடியாது. உங்கள் பெல்ட்டுக்குள்ளேயே பிள்ளையையும் சேர்த்துக் கட்டாதீர்கள். உங்கள் எடை முழுதும் அதன் வயிற்றை நெரிக்கும். உங்கள் பெல்ட்டில் கோக்கிற குழந்தைப் பெல்ட் தருகிறோம். ஏறியவுடன் கேளுங்கள், போட்டுக் காட்டுகிறோம். பிள்ளை அழுகிறது என்று இறக்கத்தில் அதைக் கழற்றாதீர்கள். அழட்டும்.