அதிகாலை 3 மணிக்கு மட்டும் கவலை ஏன் பெரிதாகிறது?

அலுவலகத்தில் பாதியில் நிற்கும் வேலை, பிள்ளையின் காய்ச்சல், அடுத்த மாதத் தவணை. பகலில் எப்படியோ சமாளித்துவிடுகிற இதே விஷயங்கள் அதிகாலை 3 மணிக்கு விழிப்பு தட்டினால் மலையாக நிற்கின்றன. மனத்திடம் போதவில்லை என்று நம்மை நாமே திட்டிக்கொள்கிறோம். ஆனால் இதில் பெரும்பங்கு அந்த நேரத்து உடலுடையது.

தூக்கத்தை இரண்டு விசைகள் நடத்துகின்றன என்று 1982இல் தூக்க ஆய்வாளர் அலெக்சாண்டர் போர்பேய் விளக்கினார். ஒன்று தூக்க அழுத்தம். விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற வேதிப்பொருள் சேர்ந்துகொண்டே போகும். தூங்கத் தூங்கக் குறையும். மற்றொன்று, வெளிச்சத்தைப் பார்த்து நேரத்தைச் சரிசெய்துகொள்ளும் உடல் கடிகாரம். ஆழ்ந்த தூக்கம் பெரும்பாலும் இரவின் முதல் பாதியிலேயே முடிந்துவிடுகிறது. 3 மணிக்கு அழுத்தம் வெகுவாக வடிந்திருக்கும். நள்ளிரவை ஒட்டி அடிமட்டத்தில் இருந்த, உடலை விழிப்புக்குத் தயார்படுத்தும் கார்ட்டிசால் ஹார்மோனும் விடியலை நோக்கி ஏறத் தொடங்கியிருக்கும். அந்த நேரத்தில் லேசாக விழிப்பது எல்லோருக்கும் நடப்பதுதான், காலையில் நினைவிருக்காது. கவலை இருப்பவருக்கோ, விழித்த நொடியே அது பிடித்துக்கொள்கிறது.

மாலை 5 மணிக் காபியையும் இங்கே சொல்ல வேண்டும். காஃபின் அடினோசினின் இடத்தில் உட்கார்ந்து அதை வேலை செய்யவிடாமல் தடுக்கிறது. குடித்ததில் பாதி வெளியேறவே சுமார் 5 மணி நேரம் ஆகும்.

தூக்கம் கெட்டால் கவலையும் கூடும். ஓர் இரவு முழுக்கத் தூங்காதவர்களை 2007இல் ஸ்கேன் செய்து பார்த்தார்கள். மனத்தைக் கலக்கும் படங்களைக் கண்டபோது, அச்சத்தைக் கையாளும் மூளைப் பகுதியான அமிக்டலா தூங்கியவர்களைவிட ஏறக்குறைய 60 சதவீதம் அதிகமாகத் துள்ளியது. அதை அடக்கி வைக்கும் மூளையின் முன்பகுதியோடு அதற்கிருந்த தொடர்பும் தளர்ந்திருந்தது. இது முழு இரவு விழித்தவர்களின் கணக்கு. அரைகுறையாகத் தூங்கிய இரவுக்கு இதே எண்ணைப் பொருத்திப் பயப்பட வேண்டாம்.

சரி, என்ன செய்யலாம்? 2018இல் வெளிவந்த ஒரு சிறிய ஆய்வில் 57 இளைஞர்கள் படுக்கும் முன் 5 நிமிடம் எழுதினார்கள். செய்யவேண்டிய வேலைகளை எழுதியவர்கள், செய்து முடித்தவற்றை எழுதியவர்களைவிடச் சுமார் 9 நிமிடம் முன்னதாகத் தூங்கினார்கள். நாளைக்கு என்ன என்று தாளில் இறக்கிவிட்டால் மூளை அதைத் திரும்பத் திரும்ப நினைவூட்ட வேண்டியதில்லை போலும். வீட்டுப் பொறுப்புகளிலிருந்து விலகி ஆய்வகத்தில் படுத்தவர்கள் அவர்கள் என்பதையும் கவனிக்கலாம். ஆனாலும் செலவில்லாத முயற்சிதானே.

தூங்கியே தீருவேன் என்று புரண்டுகொண்டிருப்பதுதான் மோசம். படுக்கை என்றாலே விழித்திருக்கும் இடம் என்று மூளை பழகிவிடும். அதனால்தான் சிறிது நேரத்தில் தூக்கம் வராவிட்டால் எழுந்துபோய், கண் சொருகும்போது படுக்கைக்குத் திரும்பி வரச் சொன்னார் உளவியலாளர் ரிச்சர்ட் பூட்சின். 1970களின் யோசனை, இன்றும் சிகிச்சையில் இருக்கிறது. இரவில் எத்தனை மணிக்குத் தூங்கினாலும் காலையில் எழும் நேரத்தை மாற்றாதீர்கள், தூக்க அழுத்தம் அடுத்த இரவுக்குச் சேரும். கைக்குழந்தை உள்ள வீட்டில் இந்த விதிகளெல்லாம் நடக்காது. அங்கே இரவைப் பிரித்துக்கொண்டு ஆளுக்குச் சில மணி நேரமாவது இடையூறில்லாமல் தூங்குவதே பெரிய விஷயம்.

வாரத்தில் 3 இரவாவது, 3 மாதமாக இப்படியே போகிறதென்றால் மருத்துவரைப் பாருங்கள். நாள்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரையைவிட தூக்கம் பற்றிய எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சையைத்தான் முதலில் தர வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர்கள் அமைப்பு 2016இல் பரிந்துரைத்தது. சில வாரங்களில் முடியும் பயிற்சி அது.