‘லேண்ட்மார்க்’ கட்டடம்: நிலக்குறியா, அடையாளச் சின்னமா?

பழம்பெருமை வாய்ந்த ஒரு மாநகரில் புதிய கோபுரமோ அருங்காட்சியகமோ திறக்கப்படும் நாளிலேயே, அதனை ‘லேண்ட்மார்க்’ என்று அறிவிப்பது இன்று வழக்கமாகிவிட்டது. தமிழில் எழுதுவோர் அதனை ‘அடையாளச் சின்னம்’ என்றும், ‘முக்கிய இடம்’ என்றும், சில வேளைகளில் ‘லேண்ட்மார்க்’ என்றே எழுத்துப்பெயர்த்தும் எழுதுகின்றனர். இவற்றுள் எது பொருந்தும், அல்லது எதுவுமே பொருந்தாதா என்று தீர்மானிப்பதற்கு அச்சொல் கடந்து வந்த வழியை அறிந்தாக வேண்டும். ஏனெனில் அது கட்டடத்தைக் குறிக்கப் பிறந்த சொல் அன்று.

பழைய ஆங்கிலத்தில் இச்சொல்லின் முற்பகுதி நிலத்தையும், பிற்பகுதி எல்லையையும் குறித்தன. ‘மார்க்’ என்றால் இன்று குறி என்றே கொள்கிறோம். அன்று அதற்கு எல்லை என்ற பொருளே ஓங்கியிருந்தது. ஒருவர் நிலம் முடிந்து இன்னொருவர் நிலம் தொடங்கும் இடத்தில் நின்ற கல்லோ மரமோ மண்மேடோதான் முதல் ‘லேண்ட்மார்க்’. ‘உன் பிதாக்கள் நாட்டின பூர்வ எல்லைக்குறியை மாற்றாதே’ என்று தமிழ் விவிலியம் நீதிமொழிகள் 22:28இல் கூறும் இடத்தில், 1611இல் வெளிவந்த ஆங்கில விவிலியம் இச்சொல்லையே ஆள்கிறது. இப்பொருளுக்குத் தமிழில் சொற்பஞ்சம் என்றுமே இருந்ததில்லை. கொடையாக அளித்த நிலத்தின் எல்லையில் ‘கல்லும் கள்ளியும் நாட்டி’ வரையறுத்ததைப் பழஞ்செப்பேடுகள் கூறுகின்றன. எல்லைக்கல் என்ற சொல்லோ இன்றும் புழக்கத்தில் உள்ளது.

பதினாறாம் நூற்றாண்டில் இச்சொல் கடலுக்குச் சென்றது. கரையில் தெரியும் குன்று, தேவாலயக் கோபுரம், தனிமரம் ஆகியவற்றைக் கொண்டு மாலுமிகள் தாம் இருக்கும் இடத்தை அறிந்தனர். அவ்வாறு வழிகாட்டிய பொருள் எதுவாயினும் அதுவே ‘லேண்ட்மார்க்’ ஆயிற்று. எல்லை காட்டிய சொல் வழி காட்டும் சொல்லாக மாறியது இங்கேதான். இந்தப் பொருளில் தமிழ் மிகப் பழைய ஓர் எடுத்துக்காட்டை வைத்திருக்கிறது. ஏணி சாத்தியும் ஏறுதற்கரிய உச்சியையும், கூரை வேயாத மேற்றளத்தையும் உடைய உயர்ந்த மாடத்தில் இரவில் ஏற்றிய தீ, கடலில் ஓடும் கலங்களை அழைப்பதைப் பெரும்பாணாற்றுப்படை ‘ஓடுகலம் கரையும் துறை’ என்று பாடுகிறது. கரைதல் என்பது அழைத்தல். அந்த மாடத்தின் உயரமும் ஒளியும் கப்பலில் இருப்பவனுக்குக் கரையை அறிவிப்பதற்காக அமைந்தவை.

நகரமைப்புத் துறையில் இச்சொல்லுக்குத் தெளிவான வரையறை தந்தவர் அமெரிக்க நகரமைப்பு அறிஞர் கெவின் லிஞ்ச். பாஸ்டன், ஜெர்சி சிட்டி, லாஸ் ஏஞ்சலஸ் ஆகிய நகரங்களின் மக்கள் தம் நகரை மனத்தில் எவ்வாறு வரைந்து வைத்திருக்கிறார்கள் என்பதை ஆராய்ந்து, 1960இல் தம் முடிவுகளை அவர் வெளியிட்டார். பாதை, விளிம்பு, வட்டாரம், கூடுமிடம் ஆகியவற்றோடு ஐந்தாவதாக அவர் வைத்ததே ‘லேண்ட்மார்க்’. அதனுள் நாம் நுழைய வேண்டியதில்லை. வெளியிலிருந்து நோக்கித் திசையறிந்தால் போதும். சூழவுள்ளவற்றிலிருந்து அது வேறுபட்டுத் தெரிய வேண்டும் என்பதே முதன்மையான நிபந்தனை. உயரம் இதற்கு உதவலாம், ஆனால் உயரம் ஒன்றே போதாது.

வேகமாக வளரும் பழைய நகரில் இந்த நிபந்தனை எவ்வளவு நுட்பமானது என்பதற்கு லண்டன் நல்ல சான்று. 2001 கணக்கெடுப்பில் சுமார் 72 இலட்சமாக இருந்த அதன் மக்கள்தொகை, 2021இல் சுமார் 88 இலட்சமாயிற்று. 111 மீட்டர் உயரமுள்ள தூய பவுல் பேராலயமே பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் 1960களின் தொடக்கம் வரை அந்நகரின் மிக உயரமான கட்டடமாக இருந்தது. அதன் குவிமாடம் குறிப்பிட்ட இடங்களிலிருந்து மறையாமல் தெரிய வேண்டும் என்ற கட்டுப்பாடு 1930கள் முதலே நடைமுறையில் உள்ளது. 2014இல் நிறைவடைந்த 225 மீட்டர் உயர லெடன்ஹால் கட்டடத்தின் ஒரு முகப்பு மேலே செல்லச் செல்லப் பின்னோக்கிச் சரிவதற்குக் காரணம், ஃபிளீட் தெருவிலிருந்து பேராலயத்தைக் காணும் காட்சியை அது கெடுக்கக் கூடாது என்பதே. புதிய கட்டடத்தின் வடிவத்தைப் பழைய நிலக்குறி தீர்மானித்த இந்நிகழ்வு என்னை எப்போதும் நெகிழச் செய்வது. அருகிலேயே 2004இல் திறக்கப்பட்ட, ஏறத்தாழ 180 மீட்டர் உயரமுள்ள வளைவான கோபுரத்திற்கு மக்களே ‘வெள்ளரிப் பிஞ்சு’ என்ற பொருளில் பட்டப்பெயர் இட்டனர். ஒரு கட்டடம் நிலக்குறியாகிவிட்டது என்பதற்கு அதைவிட உறுதியான சான்று வேண்டியதில்லை. ஆனால் அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் சுற்றிலும் எழுந்த உயரமான கட்டடங்கள் பல திசைகளிலிருந்து அதனை மறைத்துவிட்டன. நிலக்குறி என்பது கட்டடத்தின் நிலையான பண்பு அன்று, அது சுற்றுப்புறத்தோடு கொண்டுள்ள உறவு என்பது இதனால் விளங்கும்.

சட்டவழக்கிலும் இச்சொல் உண்டு. நியூயார்க்கில் பென்சில்வேனியா ரயில் நிலையம் 1963இல் இடிக்கத் தொடங்கப்பட்டதை அடுத்து, 1965இல் ‘லேண்ட்மார்க்’ சட்டம் இயற்றப்பட்டது. குறைந்தது 30 ஆண்டு பழைமை இல்லாத கட்டடத்தை அச்சட்டத்தின்கீழ் அறிவிக்க இயலாது. இப்பொருளில் வரும்போது ‘காப்புக்குரிய மரபுக் கட்டடம்’ என்று எழுதுவதே முறை.

இனித் தமிழ்ச்சொல்லுக்கு வருவோம். ‘முக்கிய இடம்’ என்பது பொருளைத் தளர்த்திவிடுகிறது. முக்கியமான இடங்கள் எல்லாம் கண்ணுக்குத் தெரிந்து வழிகாட்டுவதில்லை. ‘அடையாளச் சின்னம்’ என்பதில் தமிழ்ச்சொல்லும் வடசொல்லும் ஒரே பொருளை இருமுறை கூறுகின்றன. அன்றியும், நினைவுச் சின்னம், தேர்தல் சின்னம் என்னும் வழக்குகளில் சின்னம் என்பது தனக்கு வெளியேயுள்ள ஒன்றுக்காக நிற்பது. தெருமுனையில் வழிகாட்டுவது அதன் வேலையன்று. நகரின் பெயரைச் சொன்னவுடன் நினைவுக்கு வரும் கட்டடத்தை ‘அடையாளக் கட்டடம்’ என்று சொல்வதில் பிழையில்லை. அதுவும் காலம் தரும் தகுதியேயன்றித் திறப்பு விழா தரும் பட்டம் அன்று. 1889இல் எழுந்த ஐஃபெல் கோபுரத்தை, கட்டத் தொடங்கிய 1887இலேயே பாரிஸின் எழுத்தாளர்களும் ஓவியர்களும் எதிர்த்து அறிக்கை விட்டனர். அது நிற்பதற்கு முதலில் தரப்பட்ட இசைவு 20 ஆண்டுகளுக்கு மட்டுமே.

மூலப்பொருளுக்கு மிக நெருங்கி நிற்பது ‘நிலக்குறி’ என்பதே என் துணிபு. சொல்லுக்குச் சொல் பெயர்த்ததாகத் தோன்றினும், ‘குறி’ தமிழ் மரபில் வேரூன்றிய சொல். தலைவனும் தலைவியும் சந்திக்கும் இடத்தை அகத்திணை பகற்குறி என்றும் இரவுக்குறி என்றும் வழங்கும். ‘குறியெனப் படுவது இரவினும் பகலினும் அறியத் தோன்றும்’ என்று தொல்காப்பிய நூற்பா ஒன்று தொடங்குகிறது. அறியத் தோன்றுதல் என்ற அச்சிறு தொடரில், லிஞ்ச் கூறிய வரையறையின் சாரம் அடங்கியிருக்கிறது. ஆகவே பொதுவாக நிலக்குறி என்றும், கட்டடத்தைச் சுட்டும்போது நிலக்குறிக் கட்டடம் என்றும் எழுதலாம். திறந்து ஓராண்டும் ஆகாத கட்டடத்தைப் பெருங்கட்டடம் என்றோ, புகழ்பெற்ற கலைஞர் வடிவமைத்தது என்றோ சொல்வது போதும்.

எழுத்து குறித்தும் ஒன்று சொல்ல வேண்டும். ‘கட்டிடம்’ என்பது கட்டுதற்குரிய மனையைக் குறிக்கும். கட்டி முடிக்கப்பட்டது ‘கட்டடம்’. ஒற்று என்பதிலிருந்து ஒற்றடம் வந்ததுபோலக் கட்டு என்பதிலிருந்து கட்டடம் வந்தது. எனவே ‘நிலக்குறிக் கட்டடம்’ என்று, க் என்னும் ஒற்று மிகுத்தே எழுதுக.